மாற்றுத்திறனாளி இளைஞர்கள் வெளிநாட்டுப் பரிமாற்றத் திட்டங்களில் சேர முடியுமா? கூடுதல் செலவு யார் தலையில்? முழு விளக்கம்

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒரு அறிவிப்பு. ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்கலாம், விமான டிக்கெட்டும் தங்கும் செலவும் ஸ்காலர்ஷிப்பிலேயே வந்துவிடும். வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி, வீல்சேரில் அமர்ந்தபடி அதைப் படிக்கிறார். பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார்: "உனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதும்மா." வீட்டில் போய்ச் சொன்னால், "அங்க உன்னை யாரு பாத்துக்குவா?" என்று கேட்கிறார்கள். அத்தோடு சரி. அந்த விண்ணப்பம் நிரப்பப்படாமலே போய்விடுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த மாணவியை இதுவரை யாருமே நிராகரிக்கவில்லை என்பதுதான். தேர்வுக் குழு வரைக்கும் அவர் பெயர் போகவே இல்லை.

உலக மக்கள்தொகையில் சுமார் 130 கோடி பேர், அதாவது 16 சதவீதம் பேர், குறிப்பிடத்தக்க அளவு மாற்றுத்திறனுடன் வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டுக்குக் கிளம்பும் மாணவர் குழுவில் ஆறில் ஒருவரைப் பார்க்க முடிகிறதா? ஏன் இல்லை? சட்டம் என்ன சொல்கிறது? கூடுதல் செலவை யார் தருவது? கிளம்புவதற்கு முன் எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பரிமாற்றத் திட்டம் என்றால் என்ன?

ஒரு நாட்டு இளைஞர் இன்னொரு நாட்டுக்குக் குறிப்பிட்ட காலம் போய்ப் படிப்பது, பயிற்சி பெறுவது, தன்னார்வப் பணி செய்வது, அந்த ஊர்க் குடும்பத்தோடு தங்கிப் பழகுவது எல்லாமே இதில் அடங்கும். சில வாரத் திட்டமும் உண்டு, ஓராண்டுத் திட்டமும் உண்டு. 1987இல் ஐரோப்பாவில் தொடங்கிய எராஸ்மஸ் இதில் மிகப் பிரபலமானது. அமெரிக்காவின் ஃபுல்பிரைட், பள்ளி மாணவர்களுக்கான கென்னடி-லூகர் யெஸ் திட்டம் போன்றவையும் இந்த வகைதான்.

முழுப் பட்டப்படிப்புக்கு வெளிநாடு போவது கொஞ்சம் வேறு கதை. ஆனால் மாற்றுத்திறனாளி மாணவருக்கு எழும் கேள்விகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஸ்காலர்ஷிப்களையும் சேர்த்தே பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு குறைவாகப் போகிறார்கள்?

மூன்று இடங்களில் கதவு மூடுகிறது.

முதலாவது, மேலே பார்த்த மாதிரி, விண்ணப்பத்துக்கு முன்பே. "இது நமக்கானது இல்லை" என்று மாணவரே முடிவு செய்துவிடுகிறார். அறிவிப்புப் படங்களில் மலை ஏறும் இளைஞர்கள் இருப்பார்கள். ஊன்றுகோலோ, காது கேட்கும் கருவியோ வைத்திருப்பவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். விண்ணப்ப இணையதளம் ஸ்கிரீன் ரீடரில் படிக்கவே வராது. பார்வை மாற்றுத்திறனாளிக்கு அந்த இடத்திலேயே கதை முடிந்துவிடும்.

இரண்டாவது, தேர்வின்போது. "நாங்க எடுத்துக்குவோம், ஆனா அங்க அவங்களுக்குக் கஷ்டமா இருக்குமே" என்று அக்கறையாகப் பேசியே பெயரை நீக்கிவிடுவது.

மூன்றாவது, தேர்வான பிறகு. லிஃப்ட் இல்லாத விடுதி, சைகை மொழி பெயர்ப்பாளர் இல்லாத வகுப்பு, இதற்கெல்லாம் பணம் ஒதுக்காத பட்ஜெட். கடைசி நேரத்தில், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்ற பதில் வரும்.

இந்தக் கேள்வியை எழுப்பிய சூசன் சைகல்

சூசன் சைகல் ஓர் அமெரிக்கர். 18 வயதில் பனிச்சறுக்கு விபத்துக்குப் பிறகு வீல்சேரில்தான் வாழ்க்கை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தார். 1970களின் பிற்பகுதியில் ரோட்டரி ஸ்காலர்ஷிப் கிடைத்து ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குப் படிக்கப் போனார்.

அந்தப் பயணம் அவருக்கு ஒரு கேள்வியைக் கொடுத்தது. பரிமாற்றத் திட்டங்கள் இத்தனை இருந்தும் தன்னைப் போன்றவர்கள் ஏன் கண்ணில் படுவதே இல்லை? ஊர் திரும்பியவர், 1981இல் ஒரேகான் மாநிலத்தின் யூஜின் நகரில் பார்பரா வில்லியம்ஸ் என்பவருடன் சேர்ந்து 'மொபிலிட்டி இன்டர்நேஷனல் யுஎஸ்ஏ' என்ற அமைப்பைத் தொடங்கினார். சுருக்கமாக எம்.ஐ.யு.எஸ்.ஏ. அந்த 1981ஆம் ஆண்டுதான் ஐ.நா. அறிவித்த சர்வதேச மாற்றுத்திறனாளிகள் ஆண்டும்கூட.

1995இல் அமெரிக்க அரசின் நிதியுதவியோடு, மாற்றுத்திறனாளிகளின் வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கென்றே ஒரு தேசிய தகவல் மையம் உருவானது. அதை நடத்தும் பொறுப்பும் இந்த அமைப்புக்கே வந்தது. 1997இல் மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கான 'வைல்ட்' என்ற தலைமைப் பயிற்சி தொடங்கியது. பல நாட்டுப் பெண்கள் யூஜினில் ஒன்றாகத் தங்கிப் பயிற்சி பெற்றார்கள். 2000இல் சூசனுக்கு மெக்ஆர்தர் ஃபெலோஷிப் கிடைத்தது.

இந்த அமைப்பு திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம் எளிமையானது: மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியாக ஒரு சின்னத் திட்டம் போட்டு ஒதுக்கிவிடாதீர்கள், எல்லோருக்குமான திட்டத்திலேயே அவர்களைச் சேருங்கள், அதற்கான பணத்தைப் பட்ஜெட் போடும்போதே எடுத்து வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006 டிசம்பர் 13 அன்று நிறைவேறியது. 2008 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்றே இதை ஏற்று உறுதி செய்துவிட்டது. இதன் 24ஆவது பிரிவு கல்வியைப் பற்றிப் பேசுகிறது. 32ஆவது பிரிவு நமக்கு முக்கியம்: நாடுகளுக்கு இடையிலான ஒத்துழைப்புத் திட்டங்கள் மாற்றுத்திறனாளிகளையும் உள்ளடக்கி, அவர்கள் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது அது.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், முந்தைய சட்டத்தில் 7ஆக இருந்த வகைகளை 21ஆக உயர்த்தியது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் 'ஏடிஏ' சட்டம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரியில் படிக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் இது பொருந்தும். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான கருத்து 'ரீசனபிள் அக்காமடேஷன்'. தமிழில் நியாயமான ஏற்பாடு எனலாம். தேர்வில் கூடுதல் நேரம், தரைத்தளத்தில் வகுப்பு, பாடப்புத்தகத்தை ஸ்கிரீன் ரீடர் படிக்கும் வடிவில் தருவது மாதிரியான மாற்றங்கள். அடுத்தவர் மேல் தாங்க முடியாத சுமையை ஏற்றாத எந்த ஏற்பாட்டையும் ஒருவர் கேட்கலாம். இது சலுகை இல்லை, உரிமை. மறுத்தால் அது பாகுபாடு என்கிறது ஐ.நா. உடன்படிக்கை.

ஆனால் ஒரு சிக்கல். சட்டத்துக்கு எல்லை உண்டு. சொந்த ஊர்க் கல்லூரி தரும் வசதியை, போகிற நாட்டுக் கல்லூரியும் அப்படியே தரும் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே வேறு சட்டம், வேறு நடைமுறை. அதனால்தான் முன்கூட்டியே பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கூடுதல் செலவு யாருடையது?

பெரும்பாலான குடும்பங்கள் பயப்படுவது இதற்குத்தான். உதவியாளருக்கும் டிக்கெட் எடுக்கணும், சைகை மொழி பெயர்ப்பாளருக்கு மணிக்கணக்கில் கட்டணம் தரணும், வீல்சேர் ஏறும் வண்டிக்கு வாடகை வேறு. ஸ்காலர்ஷிப் தொகையில் இதெல்லாம் அடங்குமா?

நல்ல திட்டங்களில் இது தனிக்கணக்கு.

எராஸ்மஸ்+ திட்டத்தில் 'உள்ளடக்க உதவி' என்றே ஒரு தலைப்பு இருக்கிறது. பங்கேற்பாளரின் மாற்றுத்திறன் காரணமாக வரும் கூடுதல் செலவை, உடன் வரும் உதவியாளர் செலவு உட்பட, உண்மையான தொகையின்படி 100 சதவீதம் வரை கேட்கலாம். இதைத் தவிர, நீண்ட காலம் படிக்கப் போகும் வாய்ப்பு குறைந்த கல்லூரி மாணவர்களுக்கு மாதம் 250 யூரோ கூடுதலாகத் தரும் ஏற்பாடும் 2021இல் தொடங்கிய சுற்றில் வந்தது. சில பிரிவுகளில், முன்கூட்டியே ஒரு முறை போய் இடத்தை நேரில் பார்த்து வரவும் நிதி உண்டு. படிக்கட்டு எத்தனை, பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம் என்பதெல்லாம் போட்டோவில் தெரியாது இல்லையா?

இந்திய மாணவர்கள் அதிகம் போகும் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைப் படிப்பில் மாதம் 1,400 யூரோ ஸ்காலர்ஷிப். மாற்றுத்திறனாளி மாணவரின் தனித் தேவைகளுக்கு இதற்கு மேல் வேறு நிதியும் உண்டு. ஆனால் தானாக வராது, கேட்க வேண்டும். சான்றிதழும் காட்ட வேண்டும்.

பிரிட்டனில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்நாட்டு மாணவர்களுக்கு அரசு தரும் மாற்றுத்திறனாளி மாணவர் உதவித்தொகை, வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. பல்கலைக்கழகம் நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது மட்டும் பொருந்தும். அதனால் ஸ்காலர்ஷிப் தருபவரிடம் கேட்பது அவசியம். காமன்வெல்த் ஸ்காலர்ஷிப் ஆணையம், மாற்றுத்திறனைத் தெரிவிக்கும் மாணவரின் தேவைகளை மதிப்பிட்டுக் கூடுதல் நிதி தர வழி வைத்திருக்கிறது.

மாற்றுத்திறனைச் சொல்லலாமா, மறைக்கலாமா?

சொன்னால் எடுக்கமாட்டார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். பார்த்தவுடன் தெரியாத காது கேளாமை, வலிப்பு, மனநலப் பிரச்சினை, கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தத் தயக்கம் இன்னும் அதிகம்.

இதற்கு நடைமுறையில் ஒரு வழி இருக்கிறது. விண்ணப்பத்துக்கும் நேர்காணலுக்கும் ஏற்பாடு தேவைப்பட்டால், அதற்குத் தேவையானதை மட்டும் அப்போதே சொல்லலாம். தேவை இல்லாவிட்டால், தேர்வான கையோடு விரிவாகச் சொல்லிவிடலாம். ஆனால் விமானம் ஏறிய பிறகு சொல்வது மட்டும் ஆபத்து. மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யவும், சரியான வீட்டைத் தேடவும் மாதக்கணக்கில் ஆகும்.

சொல்லும்போது நோயின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. "எனக்கு மஸ்குலர் டிஸ்ட்ரோபி" என்றால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. "படி ஏற முடியாது, கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற ஒருவர் உதவி வேண்டும், மற்றபடி நானே பார்த்துக்கொள்வேன்" என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

யாருக்கு எதில் கவனம் தேவை?

*வீல்சேர் பயன்படுத்துபவர்கள்:* டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்வது அவசியம். பேட்டரி வீல்சேர் என்றால் பேட்டரியின் வகையும் திறனும் எழுதிய தாள் கையில் இருக்கட்டும். கழற்றி எடுக்கும் லித்தியம்-அயன் பேட்டரி ஒன்று என்றால் 300 வாட்-ஹவர், இரண்டு என்றால் தலா 160 வாட்-ஹவர் என்பது பொதுவான வரம்பு. போகிற நாட்டின் மின்சாரத்தையும் பாருங்கள். நம் ஊரில் 230 வோல்ட், அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. சார்ஜர் ஒத்துவராவிட்டால் போன இடத்தில் வண்டி நகராது.

*காது கேளாதவர்கள்:* சைகை மொழி உலகம் முழுக்க ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இந்திய சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை இரண்டு கைகளால் காட்டுவார்கள். அமெரிக்க சைகை மொழியில் ஒரே கை. அமெரிக்காவும் பிரிட்டனும் ஆங்கிலம் பேசும் நாடுகள்தான், ஆனால் இரண்டு நாட்டுச் சைகை மொழிகளும் ஒன்றுக்கொன்று புரியாது. எனவே "மொழிபெயர்ப்பாளர் தருகிறோம்" என்று சொன்னால் எந்தச் சைகை மொழிக்கு என்று கேட்க வேண்டும். போவதற்கு முன் அந்நாட்டுச் சைகை மொழியைக் கற்கச் சில மாதம் ஒதுக்குவது நல்லது. வாஷிங்டனில் காது கேளாதவர்களுக்கென்றே 1864 முதல் பட்டம் வழங்கும் கல்லூரியாக இயங்கிவரும் கேலடெட் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களும் படிக்கிறார்கள்.

*பார்வை மாற்றுத்திறனாளிகள்:* பாடங்கள் ஸ்கிரீன் ரீடரில் படிக்க வருமா, படம் போட்ட பிடிஎஃப் ஆகத் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். புது ஊரில் விடுதியிலிருந்து வகுப்புக்கு, கடைக்கு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்து பழக முதல் வாரம் பயிற்சியாளர் ஒருவர் வேண்டும். என்விடிஏ போன்ற இலவச ஸ்கிரீன் ரீடரை லேப்டாப்பில் போட்டு எடுத்துப் போனால் பாதிக் கவலை தீரும்.

*மருந்து எடுப்பவர்கள்:* இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் மருந்து, அங்கே தடை செய்யப்பட்டதாக இருக்கலாம். கவனக்குறைவுக் கோளாறுக்கு அமெரிக்காவில் தரப்படும் ஆம்ஃபெட்டமைன் வகை மருந்துகளை ஜப்பானுக்குள் டாக்டர் சீட்டு இருந்தாலும் கொண்டுபோக முடியாது. தூதரக இணையதளத்தில் பட்டியலைப் பாருங்கள். இன்சூரன்ஸிலும் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: ஏற்கெனவே இருக்கும் உடல்நிலைக்குக் காப்பீடு உண்டா, இல்லையா? பல பாலிசிகளில் இல்லை.

"அங்க யாரு பாத்துக்குவா?"

அம்மா அப்பாவின் இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. நம் ஊரில் மாற்றுத்திறனாளி பிள்ளைக்கு உதவியாளர் என்றால் பெரும்பாலும் அம்மாதான். குளிப்பாட்டுவது முதல் காலேஜ் வாசலில் இறக்கிவிடுவது வரை குடும்பம் செய்கிறது. பல நாடுகளில் இந்த வேலையைச் சம்பளம் வாங்கும் உதவியாளர் செய்கிறார். எப்போது வர வேண்டும், எப்படி உதவ வேண்டும் என்பதை மாற்றுத்திறனாளியே சொல்கிறார்.

முதல்முறை போகிறவர்களுக்குக் கஷ்டமான பாடமும் இதுதான், மறக்க முடியாத பாடமும் இதுதான். முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் தேவையை வெட்கப்படாமல் சொல்லிக் கேட்கப் பழகுவது. அதனால் கிளம்புவதற்குச் சில மாதம் முன்பே, அம்மா இல்லாத ஒரு நாளை, பிறகு ஒரு வாரத்தை உள்ளூரிலேயே பழகிப் பார்ப்பது நல்லது.

போய்வந்தவர்கள் என்ன செய்தார்கள்?

இந்தியாவில் முக்கியமான எடுத்துக்காட்டு ஜாவேத் அபிதி. ஸ்பைனா பிஃபிடா என்ற முதுகெலும்புக் குறைபாட்டுடன் பிறந்தவர், வீல்சேர் பயன்படுத்தியவர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தார். கட்டடங்களைச் சுரங்கப் பாதைகளால் இணைத்து, பனிக்காலத்திலும் வீல்சேரில் வகுப்புக்குப் போகும்படி கட்டிய வளாகம் அது.

அப்படி வாழ்ந்துவிட்டு இந்தியா திரும்பியவருக்கு, இங்கே விமானத்தில் ஏறுவதே போராட்டமாக இருந்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1998 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு, விமானத்துக்குள் செல்லும் குறுகிய வீல்சேர், பயணியை வீல்சேரோடு மேலே தூக்கும் ஆம்புலிஃப்ட் ஆகிய வசதிகளைப் பற்றிப் பேசியது. பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு இருந்த கட்டணச் சலுகையை, 80 சதவீதமோ அதற்கு மேலோ இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இந்தியன் ஏர்லைன்ஸ் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கான போராட்டத்திலும் முன்னால் நின்றவர் இவர். 2018இல் காலமானார்.

ஜப்பானிலும் இதே கதைதான். அங்கே மிஸ்டர் டோனட் கடைகளை நடத்தும் டஸ்கின் நிறுவனத்தோடு இணைந்த அறக்கட்டளை, 1981 முதல் மாற்றுத்திறனாளி இளைஞர்களை அமெரிக்காவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. பெர்க்லியில் மாற்றுத்திறனாளிகள் தாங்களே நடத்தும் சுதந்திர வாழ்வு மையத்தைப் பார்த்துத் திரும்பியவர்கள், ஜப்பானில் அத்தகைய மையங்கள் உருவாகக் கை கொடுத்தார்கள். 1999இல் அதே அறக்கட்டளை, ஆசிய-பசிபிக் நாடுகளின் மாற்றுத்திறனாளி இளைஞர்களை ஜப்பானுக்கு அழைத்துப் பயிற்சி தரும் திட்டத்தைத் தொடங்கியது. ஜப்பானிய மொழியிலிருந்து பனிச்சறுக்கு வரை அதில் உண்டு.

வெளிநாடு போனால்தான் பரிமாற்றமா? பக்கத்தில் திருவனந்தபுரத்திலேயே 'காந்தாரி' என்ற பயிற்சி நிறுவனம் இருக்கிறது. நம் கன்னியாகுமரிப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த, சின்னதாக இருந்தாலும் காரம் குறையாத அந்த மிளகாயின் பெயர்தான். இதை நிறுவியவர்களில் ஒருவரான சாப்ரியே டென்பெர்கன் பார்வையற்ற ஜெர்மானியர். பல நாடுகளிலிருந்து, மாற்றுத்திறனாளிகள் உட்பட, சமூக மாற்றத்துக்கு உழைக்க நினைப்பவர்கள் இங்கே வந்து பயிற்சி பெறுகிறார்கள்.

இந்தியாவிலிருந்து எங்கே தேடலாம்?

* மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுத் துறையின் தேசிய வெளிநாட்டு ஸ்காலர்ஷிப்: முதுகலை, பிஎச்.டி. படிக்க ஆண்டுக்கு 20 இடங்கள், அதில் 6 பெண்களுக்கு.
* ஃபுல்பிரைட்-நேரு: அமெரிக்க-இந்திய கல்வி அறக்கட்டளை மூலம். சென்னையிலும் இதற்கு அலுவலகம் இருக்கிறது.
* எராஸ்மஸ் முண்டஸ்: படிப்பை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புக்கு நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும்.
* காமன்வெல்த் ஸ்காலர்ஷிப்: பிரிட்டனில் படிக்க.

தகுதியும் கடைசித் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த ஆண்டு அதிகாரப்பூர்வ அறிவிப்பை மட்டும் நம்புங்கள். யுடிஐடி அட்டையும், மருத்துவச் சான்றின் ஆங்கில நகலும் தயாராக இருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. மாற்றுத்திறனால் வரும் கூடுதல் செலவுக்குத் தனி நிதி உண்டா? எப்போது, யாரிடம் கேட்க வேண்டும்?
2. உதவியாளர் உடன் வரலாமா? அவருடைய விசா, டிக்கெட், சாப்பாட்டுச் செலவு யாருடையது?
3. தங்கும் இடத்தின் படிக்கட்டு, கதவு, பாத்ரூம் அளவுகளை அனுப்ப முடியுமா?
4. கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான அலுவலகம் இருக்கிறதா? தொடர்பு கொள்ள வேண்டியவர் யார்?
5. இன்சூரன்ஸில் ஏற்கெனவே இருக்கும் உடல்நிலை அடங்குமா?
6. இதற்கு முன் இங்கே வந்த மாற்றுத்திறனாளி மாணவர் யாரிடமாவது பேச முடியுமா?

பதிலை எல்லாம் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது அங்கே போனபின் செல்லாது.

ஆறாவது கேள்விக்கு "இதுவரை யாரும் வந்ததில்லை" என்று பதில் வரலாம். அதைக் கேட்டுப் பின்வாங்க வேண்டியதில்லை. அந்தத் திட்டத்துக்கு நீங்களே முதல் ஆளாக இருக்கலாம். அடுத்து விண்ணப்பிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர் இதே கேள்வியைக் கேட்கும்போது, பேசிப் பார்க்கச் சொல்லி அவர்கள் உங்கள் பெயரைக் கொடுப்பார்கள்.